வலது கைக்கு ஆறு அடிமைகள்: கடற்கொள்ளையரின் வைத்தியர் எழுதிய புத்தகம்

வலது கை போனால் 600 வெள்ளிக்காசு, அல்லது ஆறு அடிமைகள். இடது கை என்றால் 500, அல்லது ஐந்து அடிமைகள். வலது காலுக்கும் அதே 500. இடது காலுக்கு 400, அல்லது நான்கு அடிமைகள். ஒரு கண்ணுக்கு 100 வெள்ளிக்காசு, அல்லது ஓர் அடிமை. ஒரு விரலுக்கும் அவ்வளவுதான்.

சுமார் 350 ஆண்டுகளுக்கு முன், கரீபியன் கடலில் கொள்ளைக்குப் புறப்பட்டவர்கள் கப்பல் ஏறுவதற்கு முன்பு கூடியிருந்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை இது. அவர்களோடு கூடவே போன வைத்தியர் ஒருவர் இதைத் தன் புத்தகத்தில் பதிந்து வைத்திருக்கிறார். அவருடைய பெயர் அலெக்சாந்தர் எக்ஸ்கெமெலின். புத்தகம் 1678 இல் ஆம்ஸ்ரர்டாமில் ஒல்லாந்த மொழியில் அச்சானது. ஒல்லாந்த மூலத்திலிருந்து அலெக்சிஸ் பிறவுண் 1969 இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த பதிப்பைத்தான் நான் வாசித்தேன்.

எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் இருக்கிறார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. புத்தகத்தைக் கையில் கண்டதும் என்ன கதை என்று கேட்டார். இந்தப் பட்டியலைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப எனக்கு நானூறு காசு. இல்லாட்டி நாலு அடிமை," என்று சிரித்தார். "கள்ளன்களெண்டாலும் போக முதலே கதைச்சுப் பேசித்தான் போயிருக்கினம்."

சக்கரத்தைச் சுழற்றி வளைவு பார்த்துக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "தம்பி, அந்த நாலு பேருக்கு என்ன குடுத்தவையாம்?"

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் நான் முதற் பக்கத்துக்குத் திரும்பப் போனேன்.

எக்ஸ்கெமெலின் யார் என்பதைச் சொல்லவேண்டும். பிரான்சின் வடகரையில் ஒன்புளூர் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர் என்று கருதப்படுகிறது. நெடுங்காலம் இது யாரோ ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர் என்றுகூட எண்ணினார்கள். ஆம்ஸ்ரர்டாம் சத்திரசிகிச்சையாளர் சங்கத்தின் பதிவுகளில், 1679 இல் சோதனை எழுதித் தேறியவர்களுள் அவரது பெயர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் ஆள் உண்மை என்பது உறுதியானது.

1666 மே 2 ஆம் திகதி லு ஆவ்ர் துறையிலிருந்து அவர் கப்பல் ஏறுகிறார். போன இடம் தோர்த்துகா. இன்றைய ஹெயிட்டியின் வடக்கே உள்ள சிறு தீவு. கடலிலிருந்து பார்க்க ஆமை முதுகு போலத் தெரிவதால் அந்தப் பெயர். பிரெஞ்சு மேற்கிந்தியக் கம்பனியின் ஒப்பந்த வேலையாளாகப் போனார். அங்கே வியாபாரம் சரிவரவில்லை. கடன் வாங்கியவர்கள் கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. உள்ளதையெல்லாம் விற்றுக் கணக்கை முடிக்கும்படி கட்டளை வந்தது. உள்ளதெல்லாம் என்றால் வேலையாட்களும் சேர்த்தி.

அப்படி விற்கப்பட்டு அவர் போய்ச் சேர்ந்தது தீவின் துணை ஆளுநரிடம். அந்த மனிதர் பட்டினி போட்டார். விடுதலை வேண்டுமென்றால் 300 வெள்ளிக்காசு தா என்றார். எக்ஸ்கெமெலினிடம் ஒரு காசும் இல்லை. கடும் நோயில் விழுந்தார். ஆள் செத்தால் போட்ட முதலும் போய்விடுமே என்ற பயத்தில், எசமான் அவரை ஒரு வைத்தியருக்கு 70 வெள்ளிக்காசுக்கு மறுபடி விற்றார். இரண்டாவது எசமான் நல்லவர். சாப்பாடும் உடுப்பும் கொடுத்துத் தேற்றினார். தொழிலையும் அவரிடம் பழகியிருக்கவேண்டும். ஒரு வருடம் கழித்து, வசதி வரும்போது 100 வெள்ளிக்காசு தந்தால் போதும் என்று சொல்லி விட்டுவிட்டார்.

இப்போது மேலேயுள்ள பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கொள்ளையனின் ஒரு விரலுக்கு 100. எக்ஸ்கெமெலின் என்ற முழு மனிதனுக்கு 70. அவரது விடுதலைக்கு ஒரு விரலின் விலை. இந்தக் கணக்கை அவர் புத்தகத்தில் போட்டுக் காட்டவில்லை. விற்ற விலை ஓர் இடத்தில் இருக்கிறது, விரல் விலை பல பக்கங்கள் தள்ளி இருக்கிறது. இரண்டையும் எழுதிய கை ஒன்றுதான். எழுதும்போது அவருக்கு இது தோன்றியிருக்காதா என்று நான் பலமுறை யோசித்துவிட்டேன்.

விடுதலையானவரிடம் உடுக்கத் துணிகூட ஒழுங்காக இல்லை. வேறு வழி தெரியாமல் கொள்ளையரோடு சேர்ந்தேன் என்று அவரே எழுதுகிறார். முடி வெட்டுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் அந்நாளில் ஒரே ஆளின் தொழில். கப்பலில் அப்படி ஒருவருக்கு எப்போதும் தேவை இருந்தது. மருந்துப் பெட்டிக்கென்று வைத்தியருக்கு 200 அல்லது 250 வெள்ளிக்காசு தனியாக ஒதுக்குவார்கள். கொள்ளை கிடைத்தால்தான் எல்லாருக்கும் கூலி. கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. கிடைத்ததில் முதலில் காயப்பட்டோருக்குக் கொடுத்து, பிறகு மிச்சத்தைப் பங்கு பிரிப்பார்கள். தலைவனுக்கு ஐந்தாறு பங்கு, சாதாரண ஆளுக்கு ஒன்று, பையன்களுக்கு அரைப் பங்கு.

இந்தக் கூட்டம் எப்படி உருவானது என்பதும் அறியவேண்டியது. ஹிஸ்பானியோலாத் தீவில், அதாவது இன்று ஹெயிட்டியும் டொமினிக்கன் குடியரசும் இருக்கும் பெருந்தீவில், ஸ்பானியர் விட்ட மாடுகளும் பன்றிகளும் காட்டில் பெருகிக் கிடந்தன. பிரான்சிலிருந்து வந்த வேட்டைக்காரர் அவற்றைச் சுட்டு, இறைச்சியை மரக்கம்புப் பரண்மேல் பரப்பிப் புகையில் வாட்டி விற்றார்கள். வன்னியில் வேட்டை இறைச்சியை வத்தல் போட்டு வைப்பதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அந்தப் பரணுக்குப் பெயர் பூக்கான். அதிலிருந்துதான் அவர்களுக்குப் பக்கனீர் என்ற பெயர் வந்தது. அவர்களைத் துரத்துவதற்காக ஸ்பானியர் மாடுகளை அழிக்கத் தொடங்கினார்கள். பிழைப்புப் போன வேட்டைக்காரர் பலர் கடலில் இறங்கினார்கள். துவக்கும் குறிபார்க்கும் பழக்கமும் ஏற்கனவே கையில் இருந்தன.

புத்தகத்தின் முற்பகுதி முழுக்க ஒரு புதிய மண்ணைக் கண்ட இளைஞனின் வியப்பு. மின்மினிகளைப் பற்றி எழுதுகிறார்: மூன்றைக் குடிசைக்குள் வைத்துக்கொண்டால் நடுச்சாமத்தில் எவ்வளவு சிறிய எழுத்தையும் வாசிக்கலாமாம். நுளம்புக் கடி தாங்காமல் ஒரு மரத்தின் கிளையை முறித்து விசிறியிருக்கிறார். அது மன்சினீல் என்ற நச்சு மரம். முகம் வீங்கிக் கொப்பளித்து மூன்று நாள் கண் தெரியவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் எல்லாம் 'நான்' வருகிறது. நான் கண்டேன், நான் தின்றேன், எனக்கு வீங்கியது.

ஒப்பந்த வேலையாட்களைப் பற்றிய பக்கங்களிலும் அந்த 'நான்' விலகவில்லை. வேட்டைக்கார எசமான் ஒருவனின் கதை அங்கே வருகிறது. அவனுடைய வேலையாள், ஞாயிற்றுக்கிழமை தோல் சுமக்கச் சொல்கிறீர்களே, ஆறு நாள் வேலைசெய்து ஏழாம் நாள் ஓய்ந்திரு என்றல்லவா ஆண்டவர் சொல்லியிருக்கிறார் என்று கேட்கிறான். எசமான் அடித்துவிட்டுச் சொல்கிறான்: என் கட்டளை வேறு, ஆறு நாள் தோல் உரி, ஏழாம் நாள் அதைக் கரைக்குச் சும. மூன்று வருடத்துக்கு வாங்கப்பட்ட வெள்ளை வேலையாளைவிட, ஆயுளுக்கும் வாங்கப்பட்ட கறுப்பு அடிமையை எசமான்கள் கொஞ்சம் பார்த்துத்தான் நடத்தினார்கள் என்றும் எழுதுகிறார். பின்னவர் செத்தால் நட்டம் கூட. தானே விலைப்பட்டவர் என்பதால் இந்த இடத்தில் அவரது பார்வை கூர்மை.

பிறகு கொள்ளைத் தலைவர்களின் கதைகள். சிலது சினிமாவுக்கே ஏற்றவை. பார்த்தலோமியோ என்ற போர்த்துக்கேயன் கம்பெச்சேயில் பிடிபடுகிறான். மறுநாள் தூக்கு. நீந்தத் தெரியாது. இரண்டு வெறும் வைன் சாடிகளின் வாயை அடைத்து மிதவையாக்கிக் கரை சேர்கிறான். மூன்று நாள் மரப்பொந்தில் ஒளித்திருக்கிறான். இவற்றை நான் வேகமாக வாசித்துக் கடந்தேன். பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல கதைகள், அவ்வளவுதான்.

பாரமான பகுதி ஹென்றி மோர்கனோடு தொடங்குகிறது. மோர்கன் வேல்ஸ் நாட்டவர். ஜமெய்க்காவின் இங்கிலாந்து ஆளுநரிடம் அனுமதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு ஸ்பானிய ஊர்களைத் தாக்கியவர். பத்திரம் இருந்தால் படைவீரன், இல்லாவிட்டால் கொள்ளையன். செய்த வேலையில் வித்தியாசம் ஏதும் எக்ஸ்கெமெலினுக்குத் தெரியவில்லை. ஒரே பெயரில்தான் எல்லாரையும் எழுதுகிறார்.

1668 இல் கியூபாவின் உட்பகுதியில் புவேர்த்தோ பிரின்சிப்பே என்ற ஊர். சனத்தைத் தேவாலயங்களுக்குள் அடைத்துப் பூட்டிவிட்டு வீடுவீடாகக் கொள்ளையடிக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குச் சாப்பாடு இல்லை. பலர் பசியால் செத்தார்கள். அதே ஆண்டு பனாமாப் பூசந்தியின் கரையிலுள்ள போர்தோபெலோ. கடைசிக் கோட்டை விழவில்லை. மூன்று நான்கு பேர் ஒருமித்து ஏறக்கூடிய அகன்ற ஏணிகளைச் செய்விக்கிறார் மோர்கன். பிடித்து வைத்திருந்த துறவிகளையும் கன்னியாஸ்திரிகளையும் அவற்றைச் சுமந்துபோய்ச் சுவரில் சார்த்தச் சொல்கிறார். தன் சமயத்தவர்மேல் ஆளுநர் சுடமாட்டார் என்ற எண்ணம். ஆளுநர் சுட்டார். ஏணி சுமந்தவர்கள் இரு பக்கத்துக்கும் நடுவே செத்தார்கள். கொள்ளையர் அதே ஏணியால் ஏறினார்கள்.

இந்தப் பகுதியை வாசித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது. ஏன் என்று எங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். மின்மினியையும் நச்சு மரத்தையும் பற்றி எழுதும்போது இருந்த அந்த 'நான்', தாக்குதல்கள் தொடங்கியதும் பெரும்பாலும் காணாமல் போகிறது. 'கொள்ளையர் போனார்கள்', 'அவர்கள் சித்திரவதை செய்தார்கள்' என்றே வசனங்கள் ஓடுகின்றன. 1671 பனாமாத் தாக்குதலில் அவர் இருந்தார். மருந்துப் பெட்டியோடு போயிருப்பார். யாருக்குக் கட்டுப் போட்டார், யாருக்குப் போடவில்லை, கைதிகளின் விரல்களுக்கு இடையே தீத்திரி வைத்தபோது எங்கே நின்றார் என்று ஒரு சொல்லும் இல்லை. பனாமாவில் மோர்கனுக்கு இணங்க மறுத்த ஒரு வணிகரின் மனைவியைப் பற்றி எழுதும்போது மட்டும், அவளது உறுதியைத் தன் கண்ணாலேயே பார்த்ததாக ஓரிடத்தில் சொல்கிறார்.

நடந்ததைச் சொல்ல வந்தவர்கள் பேச்சின் நடுவே 'நான்' என்பதிலிருந்து 'அவங்கள்' என்பதற்கு மாறுவதை நான் நேரிலும் கேட்டிருக்கிறேன். பாதிக்கப்பட்டவரும் மாறுவார், பக்கத்தில் நின்றவரும் மாறுவார், செய்தவரும் மாறுவார். காரணம் ஒவ்வொருவருக்கும் வேறு. எக்ஸ்கெமெலின் இதில் எந்த இடம் என்று என்னால் முடிவு சொல்ல முடியவில்லை.

ஆனால் பசியைப் பற்றி எழுதும்போது அவர் எதையும் ஒளிக்கவில்லை. 1671 ஜனவரியில் சாக்ரெஸ் ஆற்று வழியாக 1200 பேர் பனாமாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் ஊர்களில் சாப்பாடு கிடைக்கும் என்று கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. ஸ்பானியர் எல்லாவற்றையும் எரித்துவிட்டுப் பின்வாங்கியிருந்தார்கள். ஓரிடத்தில் வெறும் தோல் பைகள் மட்டும் கிடந்தன. அவற்றுக்கே சண்டை பிடித்தார்கள். தோலைத் துண்டாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு கல்லுக்கு நடுவே அடித்து மெதுவாக்கி, மயிரைச் சுரண்டி, நெருப்பில் வாட்டி, சிறுதுண்டாக நறுக்கித் தண்ணீரோடு விழுங்கவேண்டும். சமையல் குறிப்புப் போல எழுதியிருக்கிறார். வீட்டில் இருந்து வயிறாரச் சாப்பிடுகிறவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கலாம் என்றும் சொல்கிறார். சைக்கிள் கடை அண்ணைக்கு இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, மயிரைச் சுரண்டாமல் தின்ன ஏலாதுதான் என்றார்.

பனாமா விழுந்தது. நகரம் எரிந்தது. பெப்ரவரி 24 ஆம் திகதி கொள்ளைப் பொருளை ஏற்றிய 175 பொதி விலங்குகளோடும் அறுநூறுக்குக் கிட்டிய கைதிகளோடும் திரும்பினார்கள். பங்கு பிரித்தபோது ஆளுக்கு 200 வெள்ளிக்காசுதான். இடது காலின் பாதி விலை. பெரும்பகுதியை மோர்கன் ஒளித்துவிட்டார் என்று முணுமுணுப்பு எழ, அவர் சில கப்பல்களோடு சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார். விட்டுப்போனவர்களுள் எக்ஸ்கெமெலினும் ஒருவர்.

ஆகவே இவருக்கு மோர்கன்மேல் கோபம் இருந்தது. அதை ஒத்துக்கொண்டுதான் வாசிக்கவேண்டும். பனாமாவுக்குத் தீ வைத்தது மோர்கன் என்று எழுதுகிறார். நகரம் எதிரி கையில் விழுமுன் வெடிமருந்துக் கிடங்குகளை வெடிக்கவைக்க ஸ்பானிய ஆளுநரே கட்டளையிட்டிருந்தார் என்பது பின்னாளைய வரலாற்றாசிரியர்கள் காட்டும் விடயம். இந்த இடத்தில் எங்கள் சாட்சி பிழை விட்டிருக்கிறார், அல்லது கோபத்தில் எழுதியிருக்கிறார். அதற்காக ஏணி சுமந்தவர்களையும் பொய் என்று தள்ளிவிடலாமா? தள்ளினார்கள். ஒரு திகதி மாறியதற்காக, ஒரு பெயர் பிழைத்ததற்காக முழு வாக்குமூலத்தையும் ஒதுக்கும் வேலை அன்றைக்கே இருந்தது. மறுபக்கத்தில் மோர்கனின் சொந்த அறிக்கை இருக்கிறது. போர்தோபெலோவின் சீமாட்டிகள் தம்மை விடுவித்தாலும் போக விரும்பவில்லை, கண்ணியமான ஒருவரின் கைதிகளாக இருப்பதே பாதுகாப்பு என்றார்கள் என்று அதில் எழுதியிருக்கிறார். உத்தியோக அறிக்கை எழுதப்படும் மொழி எந்தக் காலத்திலும் ஒன்றுதான் போலும்.

மோர்கனுக்கு என்ன நடந்தது? பனாமாவைத் தாக்குமுன்பே, 1670 இல், இங்கிலாந்தும் ஸ்பெயினும் மட்ரிட்டில் சமாதான உடன்படிக்கை செய்திருந்தன. ஸ்பெயினைச் சமாளிப்பதற்காக மோர்கனைக் கைதுசெய்து 1672 இல் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். தண்டனை இல்லை. 1674 இல் சேர் பட்டம் கிடைத்தது. ஜமெய்க்காவின் துணை ஆளுநராகத் திரும்பி வந்தார்.

புத்தகத்துக்கு நடந்தது இன்னும் சுவாரசியம். 1681 இல் வந்த ஸ்பானிய மொழிபெயர்ப்பு ஸ்பானியரின் வீரத்துக்கு மெருகேற்றியது. 1684 இல் லண்டனில் வந்த ஆங்கிலப் பதிப்பு அந்த ஸ்பானிய வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் முகப்பிலோ மோர்கன் இங்கிலாந்தின் வீரர் என்று அச்சாகியிருந்தது. பிரெஞ்சுப் பதிப்பு 1686 இல், பிரெஞ்சுக்காரர் கதைகள் பல சேர்ந்து, பருத்து வந்தது. ஒரே சாட்சியத்தை ஒவ்வொரு நாடும் தன் பக்கம் இழுத்தது. எங்கள் தீவைப் பற்றிய இரண்டு பெரிய நேரடிப் பதிவுகளும் இதே காலத்தில், இதே வாசகர்களுக்காக அச்சானவைதான்: பால்தேயஸ் பாதிரியாரின் நூல் 1672 இல் ஆம்ஸ்ரர்டாமிலும், றொபேட் நொக்ஸின் நூல் 1681 இல் லண்டனிலும் வெளிவந்தன. தூர தேசக் கதைகளுக்கு நல்ல விலை இருந்த நாட்கள்.

வீரர் என்று முகப்பில் போட்டும் மோர்கன் திருப்திப்படவில்லை. லண்டன் பதிப்பாளர் இருவர்மேலும் அவதூறு வழக்குப் போட்டார். 200 பவுண் இழப்பீடும் பகிரங்க மறுப்பும் கிடைத்தன. வழக்கில் அவரை மிகவும் சுட்டது சித்திரவதைக் கதைகள் அல்ல என்று சொல்வார்கள். அவரும் ஒரு காலத்தில் பார்படோசில் விற்கப்பட்ட ஒப்பந்த வேலையாள்தான் என்று புத்தகம் சொல்லியிருந்தது. அந்த வரிதான் பொறுக்கவில்லையாம்.

ஆறு அடிமைகள், நான்கு அடிமைகள் என்று எண்ணப்பட்டவர்களுக்கு வழக்குப் போட இடமில்லை. புத்தகத்தில் அவர்களுக்குப் பெயரும் இல்லை. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், பிடிபட்ட ஊர்களிலிருந்து சேர்த்து இழுக்கப்பட்டவர்கள், எல்லாரும் பங்குப் பட்டியலில் எண்ணிக்கையாகவே வருகிறார்கள். தன்னை 70 காசுக்கு விற்றதை மறக்காமல் எழுதிய மனிதர், தன் கப்பலில் விற்கப்படக் காத்திருந்தவர்களில் ஒருவரிடமாவது பெயர் கேட்டிருக்கலாம்.

எக்ஸ்கெமெலின் பின்னர் கொள்ளையரை விட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பினார், வைத்தியச் சோதனை தேறினார் என்று முன்பே சொன்னேன். ஆனால் 1697 இல் பிரெஞ்சுக்காரரும் கொள்ளையரும் சேர்ந்து கர்த்தகேனா நகரைத் தாக்கப் போன கப்பற்படையின் ஆட்பட்டியலில், வைத்தியர் என்ற இடத்தில், மறுபடி அவர் பெயர் இருக்கிறது.

இதை அண்ணையிடம் சொன்னேன். ஏன் திரும்பிப் போனவராம் என்று கேட்டார். அதை அவர் எழுதவில்லை என்றேன். புத்தகம் தமிழில் இல்லையோ என்றார். நான் கண்டதில்லை. அதனால் பின்னேரங்களில் கடை பூட்டுமுன் இரண்டு மூன்று பக்கம் சொல்லிக்கொண்டு வருகிறேன். இப்போது மராகைபோவில் நிற்கிறோம். மரக்குற்றிகளுக்குத் தொப்பி போட்டு ஆட்கள் போல நிறுத்தி, கப்பலுக்குத் தீ வைத்து ஸ்பானியக் கப்பலோடு மோதவிடும் இடம்.